வெள்ளிக்கிழமை கட்டாத பில்

அன்புள்ள அம்மாவுக்கு யாமினி எழுதறது. உன் முட்டி வலி எப்படி இருக்கு? நைனா வேளைக்கு மாத்திரை போடறாரா? புனேல நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இந்த மாசம் கிரெடிட் கார்டு பில் கட்ட ஆறாம் தேதி கடைசி. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளி, செவ்வாய் காசு வெளியே போகக் கூடாதுன்னு நீ சொல்லுவியே, அதனால கட்டல. அப்புறம் டபுள் ஷிஃப்ட்ல மறந்தே போச்சு. ஞாபகம் வந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமைதான் கட்டினேன். அந்த அஞ்சு நாளுக்கே கிரெடிட் ஸ்கோர் இறங்கிடுச்சு. தம்பி சுதீர் படிப்பு லோனுக்கு நானும் கையெழுத்து போடணும் இல்ல, திருப்பதி பேங்க்ல ஏன் லேட்டுன்னு கேக்கறாங்க. லோன் கிடைக்குமாம், வட்டிதான் கொஞ்சம் ஏறலாமாம். கட்டி முடிச்சாலும் அந்தப் பதிவு சில வருஷம் இருக்குமாம். நான் வேலைக்கு நடுவுல போனை எடுத்து ஸ்கோரையே பாத்துகினு இருக்கேன். சுதீர்கிட்ட சொல்லாதே.

கோங்குரா ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு, இங்க சோறு துன்னவே முடியல.

அடுத்த பில்லுக்குக் கடைசி நாள் மார்ச் ஆறு, அதுவும் வெள்ளிக்கிழமைதான். சம்பளம் அன்னிக்குத்தான் ஏறும், முன்னாடியே கட்ட வழியில்ல. ரூம்ல நான் கட்டறதைப் பாக்க யாரும் இல்ல, ஆனாலும் வெள்ளிக்கிழமைன்னா கட்ட கை போகாது.

ஷிஃப்ட் பஸ் வந்துடுச்சு. அன்னிக்குக் காலையில நீயே போன் பண்ணி, 'கட்டுடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா.

யாமினி