எருமைக்குப் போதாத தோட்டா

ஐப்பசி 9, ஞாயிறு

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று மில்லர்புரத்தில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது அக்காவின் கணவர் மறுபடியும் தான்சானியா கதையை எடுத்தார். முந்திரி வாங்கப் போன இடத்தில் வேட்டை உரிமம் எடுத்து நாங்கள் காட்டெருமை சுடப் போன கதை.

"தடம் பாக்க வந்த யூசுஃபு மெரண்டு ஓடினான், எருமை முட்டிட்டு. தோட்டா மேல குத்தமே கிடையாது. வேட்டைக்காரங்க இணையதளத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

யூசுஃபு ஓடவில்லை. எங்களுக்கு முன்னால்தான் நின்றான்.

வேட்டைக்கு முன்பு அங்கே துப்பாக்கிக் கடையில் அத்தான் இரண்டு பெட்டிகளைக் காட்டி, "ஏலே, படிச்சவன் நீ சொல்லு, எது வேணும்?" என்று கேட்டார். எங்கள் .375 ரக ரைஃபிளுக்கு இரண்டும் பொருந்தும். ஒன்றில் எலும்பைத் துளைக்கும் கனமான குண்டு. மற்றதில் மானுக்கான, பட்டதும் சிதறும் மென்முனைக் குண்டு. முந்தின நாள்தான் என்னைப் பார்த்து, "இவன் புத்தகத்துல வேட்டையாடுதவன்" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்திருந்தார். அவர் கை மென்முனைப் பெட்டிக்குப் போனது. "அதுவே போதும்" என்றேன். எருமை தப்பி ஓடும், அவர் மானம் போகும் என்று நினைத்தேன்.

குண்டு எருமையின் தோள் எலும்பில் சிதறியது. அது ஓடவில்லை, எங்கள் மேல் பாய்ந்தது. யூசுஃபின் கால் போனது.

அவர் எழுதியதைப் படித்து, அதே பெட்டியை வாங்கலாமா என்று யாரோ அந்த இணையதளத்தில் கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள் என்று பதில் எழுதிவிட்டேன். யூசுஃபு ஓடவில்லை என்றும், தெரிந்தே ஒருவன் தவறான தோட்டாவைச் சொன்னான் என்றும் எழுதியிருக்கிறேன். பெயர் கேட்கும் இடத்தில் அக்காவின் முகம் வந்து நிற்கிறது. பெயரில்லாமலே போடுகிறேன்.