உருவிப் பார்க்கவிடாத நூல்கண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் உன் மகள் சிட்டுவும் உடம்பளவில் சுகம்தான், மற்றபடி நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாமென்றால் குழந்தை பக்கத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறாள், அதனால்தான் கடிதம். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாவதோடு நின்ற கைதான், ஆனாலும் என் வகுப்பில் கையெழுத்துக்கு நான்தான் முதல். ஒழுகிய அடுப்படிக்குத் தகரம் மாற்றியாயிற்று. உன் அக்கா போன வாரம் வந்து, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்பிப் போனாள்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் தனித்தனி வரிசை. அங்கே ஓவியம் சொல்லித்தரும் வாத்தியார்தான், பிள்ளைகளை வைத்துப் பட்டம் செய்வோம், அவர்கள் கூடினால் பெரியவர்கள் வெட்கப்பட்டாவது கூடுவார்கள் என்று வீடு வீடாக அலைந்தார். ஒரு பட்டத்துக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்துக்கு ஒன்று. சிட்டுவுக்கு ஜோடி அந்தப் பக்கத்து வெல்டர் மகள், இவள் குச்சி கட்டினாள், அவள் தாள் ஒட்டினாள். சமுதாயக் கூடத்தில் பசை காய்ச்சியது நான்தான். கட்டியில்லாத பசை, அந்தப் பக்கத்துப் பெண்கள்கூட வந்து 'எப்படிம்மா கிண்டினீங்க' என்று கேட்டார்கள். வெல்டர் சிட்டுவிடம், 'என் வெல்டிங்கவிட உன் முடிச்சு உறுதியா இருக்கே, பேசாம என் கடைக்கு வந்துடு' என்றார், எல்லாரும் சிரித்தோம்.

பறக்கவிடும் அன்று நூல் போதவில்லை. வாத்தியார் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கண்டையும் கடைசிவரை பிரித்து, துணி சுற்றிய விரலால் உருவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார், கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் ஒரு முழம்கூட வரக்கூடாது என்று. நான் பரணில் கிடந்த உன் பழைய நூல்கண்டைக் கொண்டுபோனேன். 'அதையும் குடுங்கம்மா, பாத்துடறேன்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'எம் மகன் வச்ச நூலு, எங்க வீட்டுச் சாமானை யாரும் சோதிக்க வேண்டாம்' என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மரியாதைக்கார மனுஷன், விட்டுவிட்டார். மேலே வெறும் நூல்தான். அப்பாவுக்குப் பயந்து அடியில் மாஞ்சாவை மறைத்துச் சுற்றியிருக்கிறாய் போல. உன்மேல் குறையில்லையப்பா, அன்றைக்கு நீ சின்னப் பிள்ளை. பட்டம் ஏற ஏற அடிநூல் வெளியே வந்தது, காற்று இழுத்தது, வெல்டர் மகள் விடாமல் பிடித்தாள். இரண்டு விரலை அறுத்துவிட்டது, எலும்பு தெரிகிற அளவுக்கு. தையல் போட்டிருக்கிறார்கள், விரல் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

யார் கொண்டுவந்த நூல் என்று கூட்டம் கத்தியது. நான் வாய் திறப்பதற்குள் சிட்டு முன்னால் போய், 'நான்தான் எடுத்துட்டு வந்தேன், பாட்டிக்குத் தெரியாது' என்றாள். வாத்தியாரும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், 'சோதிக்காம விட்டது என் தப்பு' என்றார். நான் பசைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஒன்பது வயசுப் பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது அந்தப் பக்கத்தார், கத்தியைக் குழந்தை கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்கிறார்கள், நம் பக்கத்து ஆட்கள் பதிலுக்குப் பதில் பேசுகிறார்கள். கூடத்துக்குப் பூட்டு. தண்டவாளத்தோரம் இரண்டு பக்கமும் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். சிட்டுவைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தட்டில் சோறு போட்டால், 'அவ எந்தக் கையால சாப்பிடுவா பாட்டி' என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வேன், நீயே சொல்.

நாளைக் காலையில் தண்டவாளத்தைத் தாண்டி வெல்டர் வீட்டு வாசலுக்குப் போய், நூலைக் கொண்டுவந்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். 'தானா அடங்கிடும், நீ ஏம்மா போய் மாட்டிக்கிற' என்கிறாள் உன் அக்கா. கதவைத் திறக்க மாட்டார்களோ, திறந்து காறித் துப்புவார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தக் கண்டு எப்போது யார் சுற்றியது என்று உன் கையால் எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு உடனே அனுப்பு, குழந்தை பெயர் சுத்தமாக வேண்டும். அவளிடம் போனில் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அதட்டாதே. மருமகளுக்குப் பக்குவமாகச் சொல்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இருமலை இழுத்தடிக்காதே. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். போய்வந்த பிறகு எழுதினால் என்னை நல்லவளாக்கி எழுதிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் தண்டவாளத்தைத் தாண்டுவேன்.

இப்படிக்கு,
வாய் திறக்காமல் நின்ற
உன் அம்மா