இலக்கியாவின் பெட்டிமேல் வைத்த கத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கால்வலி குறைந்ததா? அம்மா தனியாகவா சாமை அறுக்கிறாள்? நான் நன்றாக இருக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள்; போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. நாம் சேர்த்த ஒன்பது மடக்குக் கத்திகளில், கொம்புப் பிடி போட்டதை மட்டும் உங்களுக்குத் தெரியாமல் விடுதிக்கு எடுத்து வந்தேன். அதன் பிடி ஒரு முனை பருத்து, மறுமுனை ஒடுங்கி, கண்ணீர்த்துளி போல இருக்குமே, அதுதான். கையில் வைத்திருந்தால் வீட்டில் இருப்பது போலிருக்கும். இன்று சாயங்காலம் என் அறைத்தோழி இலக்கியா அதைப் பார்க்கக் கேட்டாள். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று, நம் வீட்டுப் பழக்கப்படி அவள் பெட்டிமேல் வைத்தேன். அவள் எடுப்பதற்குள் வார்டன் வந்து, கத்தி அவளுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டார்.

“கத்திய வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற? நாளைக்கி உங்கப்பன வரச் சொல்லு!”

“பென்சில் சீவத்தாங்க மேடம்,” என்றாள் இலக்கியா. என் பெயரைச் சொல்லவில்லை. பயத்தில் நானும் வாய் திறக்கவில்லை.

அவள் அப்பா சங்கராபுரத்திலிருந்து வருவதற்குள், காலை மணி அடித்ததும் போய், கத்தி என்னுடையது என்று சொல்லிவிடுவேன். விடுதியைவிட்டு அனுப்பினாலும் சரி, சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டும், தலைக்கும் கத்திக்கும். அடுத்த பஸ்ஸுக்கே ஓடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

யாரோ எழுந்துவிட்டார்கள், முடிக்கிறேன். வார்டன் கத்தியை உங்களிடம் நீட்டினால் கையில் வாங்காதீர்கள், மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வருடம் நான் அவரோடுதான் இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
வெண்ணிலா