திங்கட்கிழமைக்குள் ஒரு கர்ப்பிணி

மே 19, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே கரண்ட் இல்லை.

இன்று போன இடங்கள்: ஸ்கேன் சென்டர் (வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை). மருந்துக் கடை (என் பேரும் நம்பரும் போட்ட அட்டையை வாங்கி அதிலேயே மாத்திரைக் கணக்கு எழுதினான்). ஆட்டோ ஸ்டாண்டு. ஒன்றும் இல்லை.

நான் டூலா என்றதும் எல்லோரும் கேட்பது, "மருத்துவச்சியா? இப்ப யாரும்மா வூட்ல பெக்கறா?" ஆஸ்பத்திரியில்தான். வலி வரும்போது கூட இருந்து முதுகு நீவி, மூச்சு விடச் சொல்கிறவள். எத்தனை தடவை சொல்வது? புதுச்சேரியில் பயிற்சி முடித்து எட்டு மாதம். ஒரு பெண்கூட வரவில்லை.

ஃபோனில் விளம்பரம் போடு என்கிறார்கள். ஒரு தடவை போட்டேன். வந்த மெசேஜெல்லாம் அசிங்கம். அழித்துவிட்டேன். இனி ஜென்மத்துக்கும் கிடையாது.

வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பீங்கான் யூனிட்டில் பொம்மை விளிம்பு தேய்க்க ஆள் வேண்டுமாம். "திங்கக்கெழம வரைக்கும்தான் சூப்பர்வைசர் பாப்பாரு. அதுக்குள்ள ஒரு கேஸாவது புடி. இல்லன்னா பேசாம வண்டியில ஏறு."

மே 20, புதன்

வளையல் கடை ஜெய்னப் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அவள் கடையில் அட்டை வைத்திருக்கிறேன். வளைகாப்புக்கு வளையல் வாங்க வருகிற மாமியார்களிடம் கொடுக்கச் சொல்லி.

"ஏன் செல்வி, உனக்குப் புத்தி இருக்குதா? வளையல போட்ட கையோட பொண்ணு அம்மா வூட்டுக்குப் போயிடுது. தலப்பிரசவம் அங்கதான். மாமியாக்காரி கையில அட்டைய குடுத்து என்ன புண்ணியம்?"

எனக்குத் தெரியாததா? நானும் அப்படித்தானே போனேன். கிறுக்கி. இரண்டு மாதம் வீண்.

வெள்ளிக்கிழமை ஒரு வளைகாப்பு இருக்கிறதாம். அக்காவே கூட்டிப்போகிறாள். பெண்ணின் அம்மா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருகிறார். "நேரா அந்தம்மாவப் புடி."

மே 22, வெள்ளி

எப்படி எழுதுவது.

அந்தம்மாவிடம் அட்டையை நீட்டுவதற்குள் கேட்டுவிட்டார். "உங்களுக்கு எத்தினி கொழந்தைங்க?"

இல்லீங்க என்றேன்.

அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்து, கர்ப்பிணிப் பெண் பவித்ரா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு முதலில் போட்டால் அவளுக்கும் தங்குமாம். சந்தனம், குங்குமம், இரண்டு கையிலும் வளையல். "அடுத்த வருசம் உனக்குத்தாம்மா!" எல்லோரும் சிரிக்கிறார்கள். வேலை கேட்கப் போனவள் நான்.

பவித்ரா என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காதில், "அக்கா, ஆஸ்பத்திரியில ஒருத்தரதான் உள்ள வுடுவாங்களாம். அம்மா ரத்தத்தப் பாத்தாலே மயங்கிடும். பயமா இருக்குதுக்கா."

அட்டையை அவள் கையில் வைத்தேன். முந்தானையில் செருகிக்கொண்டாள்.

இல்லீங்க என்றா சொன்னேன்? ஏழு வருஷத்துக்கு முன் ஒருத்தன் பிறந்தானே. ஒன்பது மாதம் முழுசாக. அழவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அந்த வாசலிலேயே நிற்க வைத்திருப்பார்கள். அதற்காக இல்லை என்று சொல்வதா? பாவி. பாவி நான்.

மே 24, ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணம் போய் வந்தேன். பஸ்ஸில் நின்றே.

அந்தம்மா மோர் கொடுத்தார். நல்ல மனுஷிதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. புள்ளயே பெக்காத நீங்க என் பொண்ணுக்கு என்னத்த சொல்லிக்குடுப்பீங்க?"

வாய் நிற்கவில்லை. "பெத்தேங்க. உசுரோட இல்ல."

டம்ளரை வாங்கிக்கொண்டார். பவித்ராவை, "நீ உள்ள போ" என்றார். அப்புறம் மெதுவாக, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. என் பொண்ணு பக்கத்துல உக்கார வெச்சிட்டமே."

போயிட்டு வரேன் என்றேன். வாங்க என்று அவர் சொல்லவில்லை.

பொய் சொன்னேன், பிள்ளை பெறாதவள் என்று வேண்டாம். உண்மையைச் சொன்னேன், அதற்கும் வேண்டாம். இன்னும் நான் என்னதான் செய்ய? பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி வேப்பிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மே 25, திங்கள்

புழுக்கம். டிபன் பாக்ஸ் இரண்டு கட்டியாயிற்று. புடவையைச் செருகி, தலைக்குத் துண்டு எடுத்துவைத்து. ஏழரைக்குக் கிளம்ப வேண்டும்.

ஏழு இருபதுக்கு ஃபோன். பவித்ரா, குரலை அடக்கி.

"அக்கா, அம்மா வேணாம்னு சொல்லிடுச்சி. நான் ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு வலி வந்தப்ப யாரு கூட இருந்தாங்க?"

"யாருமில்லம்மா. அப்ப உள்ள யாரையும் வுடல."



"அப்ப எனக்கு நீங்கதான் வரணும். நான் பேசிக்கறேன்."

பின்னால் அவள் அம்மா, "யாருகிட்டடி பேசற?" ஃபோன் கட்.

அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். யூனிட்டுக்கு நான் வரவில்லை என்று சொல்லியாயிற்று. "கேஸ் கெடச்சிடுச்சா?" என்கிறார். தெரியாது என்றேன். கத்துகிறார். கத்தட்டும்.