தக்கை விழுந்த கதை

மாதா துணை

பெசன்ட் நகர் குப்பம்,
12.9.97

அன்பு மகள் ஜான்சிக்கு,

பெற்றவனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து நீ நைனா என்று கூப்பிடும் உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நானும் என் படகும் சுகம். குவைத்தில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அரபி வீட்டுப் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மா சுகத்தைப் பற்றி மட்டும் ஒரு கதையாகத்தான் சொல்ல முடியும். மாதா மேல் ஆணை, இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

ஆபரேஷனில் அவளுடைய இடது மார்பை எடுத்ததும், ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் உனக்குத் தெரியும். இரண்டு முடிந்தது. ரோஸ்மில்க் மாதிரி சிவப்பு மருந்து. முதல் தடவை ஏற்றிக்கொண்டு வந்து அவள் எடுத்த வாந்தியில் பீச்சில் தண்ணீர் மூன்றடி ஏறி, சுண்டல்காரர்கள் சர்ச் மொட்டை மாடியில் குடியேறினார்கள். இரண்டாம் தடவைக்குக் கொட்டிய முடியில் நான் ஒரு வலையே பின்னினேன், அதில் மாட்டிய சுறா பேன் கடிக்கிறது என்று அழுதது. அந்த மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மறுபடி மீன் விற்க உட்கார்ந்தாள். வந்தவர்கள் மீனையா பார்த்தார்கள், ரவிக்கையில் காலியாய்க் கிடந்த பக்கத்தைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக அவளிடமே வாங்கிய ஷாகிரா அம்மா, நீ அரிஞ்சா அந்த நோவு மீன்ல ஏறாதா தேசம்மா என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கூடையில் வாங்கிக்கொண்டு போனார்.

உன் சித்தப்பன் சும்மா இருப்பானா? மகாபலிபுரத்துச் சிற்பிகள் எல்லாரும் என்னிடம் தொழில் கற்றவர்கள் அல்லவா. வலை மிதக்கக் கட்டும் தக்கையில் ஒன்றை மூன்று நாள் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணி சுற்றி, இத்த உள்ள வச்சுக்கோ அண்ணி, ராணி மாதிரி கீறே என்று நீட்டினேன். தூக்கி என் மேலேயே எறிந்தாள். மறுநாள் பார்த்தால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு நாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள் ஜான்சி, நீ பார்க்கவில்லை.

மாதா திருவிழாவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஜனமென்றால் ஜனம். வஞ்சிரத்தைத் தூக்கக் குனிந்தாள். தக்கை கழுத்து வரைக்கும் ஏறி, வெளியே குதித்து, மீன் கழுவும் வாளியில் விழுந்து மிதந்தது. எவனோ ஒருவன் சிரித்தான். அவன் வாய் அழுகட்டும். அதற்கப்புறம்தான் பக்கத்துக் கூடை சீதாவுக்குத் தைரியம் வந்து, இன்னா தேசம், வஞ்சிரம் இன்னா ரேட்டு, இது இன்னா ரேட்டு என்றாள். மீன் வாங்க வந்தவர்கள் சிரித்து, சர்ச் மணி தானாக அடித்து, கலங்கரை விளக்கமே குனிந்து பார்த்துச் சிரித்தது. உன் அம்மா வாளியில் கைவிட்டு அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என் சோற்றுத் தட்டில் அந்தத் தக்கையை வைத்து, மேலே குழம்பை ஊற்றி, துன்னு என்றாள். ஏன் என் தட்டில் என்று இப்போது கேட்காதே.

இனி விளையாட்டில்லை. புதன்கிழமை மூன்றாவது மருந்துக்கு அவள் போகவில்லை. பாதிய அறுத்துக் குடுத்துட்டு மீதியக் காட்டி ஊர சிரிக்க வச்சிக்கினு நான் இன்னாத்துக்கு இருக்கணும் என்கிறாள். பாதியில் நிறுத்தினால் போன நோய் சொந்தபந்தத்தோடு திரும்பி வரும் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லி, அக்டோபர் ஒன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். உன் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருப்பதால் நீ வர முடியாது. கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை அக்பர் பாஷா பூத்துக்குப் போன் போடு, அவர் அவளைக் கூப்பிட்டு விடுவார். அழாதே, திட்டு. உன் திட்டுக்குத்தான் அவள் பயப்படுவாள். வெயிலில் துணி காயப்போடும்போது தலையில் துண்டு போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாயிருக்க வேண்டும், மாதா உன்னைக் கைவிட மாட்டாள். அக்டோபர் ஒன்று, புதன், மறந்துவிடாதே.

நானே சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். ஐந்து நாளாக அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சுறா பொய், சர்ச் மணி பொய், கலங்கரை விளக்கம் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். முதலில் சிரித்த அந்த எவனோ ஒருவன் நான்தான்.

இப்படிக்கு,
உன் நைனா,
ஏசுராஜ்