ஐந்து சொற்களில் மூன்று

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்று காலை, மெல்போர்னில் ஸ்பிரிங்வேலுக்கு அருகே நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு கிழவரின் கணுக்காலுக்குச் சுற்றுவதற்காக டேப்பைக் கிழித்தேன். அந்தப் பசையின் வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உன் தோளின் வாசம் அது. கிழவர் என்னைப் பார்த்து, "என்ன, மறந்துபோனாயா?" என்று கேட்டார். மறந்தவன் நானல்ல.

நீ இறந்து ஒன்பது நாளாகிறது. பத்திரிகைகள் உன்னை இரும்பு என்கின்றன. வட இங்கிலாந்தின் சுரங்க ஊரொன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கென்று சிட்னிக்கு வந்து, ரக்பி லீக்கில் பதினான்கு பருவங்கள் முன்வரிசையில் மோதியவன் நீ. அவற்றில் பதினொன்றில் உன் மூட்டுகளைக் கட்டி மைதானத்துக்கு அனுப்பியவன் நான், கிளப்பின் பிசியோதெரபிஸ்ட். எழுதியவர்களில் ஒருவர் மட்டும் என்னை நினைத்திருக்கிறார்: 'கவனக்குறைவான ஊழியர் ஒருவர்.'

என்னிடமிருந்து நீ கற்ற ஒரே தமிழ்ச் சொல் 'மச்சான்'. அதை மைதானம் முழுவதும் கேட்கும்படி கத்துவாய். எதிரணிக்காரனின் மூக்கை உடைத்துவிட்டு, அவனையும் மச்சான் என்றே தூக்கிவிடுவாய்.

நாம் சேர்ந்து செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் நான் ஆட்டக்காரர்கள் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்து சொற்களை வாசிப்பேன். நீங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். எத்தனை சொன்னீர்கள் என்று குறித்துக்கொள்வேன். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் வேறு ஐந்து சொற்கள். முன்னதைவிடக் குறைந்தால் திரும்ப ஆட விடமாட்டோம். முதல் வருடம் நான் ஆங்கிலத்தில் வாசித்தவை கதவு, குதிரை, பாண், மணி, மேகம். நீ மூன்றைச் சொல்லிவிட்டு, தெரியாது என்று தலையைச் சொறிந்தாய். மூன்று என்று எழுதினேன். எழும்பிப் போகும்போது குனிந்து என் காதில் சொன்னாய்: "மணி, மேகம்."

தொடக்கத்திலேயே குறைத்து வைத்துக்கொண்டால், அடிபட்ட பின்னும் மூன்று சொன்னால் போதும். அதுதான் உன் கணக்கு. நான் அந்தத் தாளைக் கிழித்திருக்கவேண்டும். சிரித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சோதனையிலும் மூன்றை வாய்விட்டுச் சொல்வாய், மிச்சம் இரண்டையும் என் காதில் போட்டுவிட்டுப் போவாய். அந்த இரண்டு சொற்கள் வந்துகொண்டிருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

ஒரு வருடம் இறுதிப் போட்டிக்கு முதல்நாள் உன்னை சிட்னிக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் கல் கொதித்தது. "மச்சான், இந்தச் சூட்டில வெறுங்காலோட நடக்கிறியள். முரட்டு விளையாட்டு எங்கடையாம்!" என்று துள்ளினாய். நீ ஆங்கிலத்தில் சொன்னதுதான். என் நினைவில் இப்படித்தான் கேட்கிறது. பிறகு வாசலோரம் உட்கார்ந்து மூன்றாவது தோசையைப் பிய்த்தபடி, "அந்தச் சொல்லு விசயம் எங்கட ரெண்டு பேருக்குள்ள. எந்தக் காலத்திலயும் உன்னைத் தனிய விடமாட்டன்" என்றாய். நானும் ஓம் என்றேன். கோயில் வாசலில் சொன்ன சொல்லென்று நான்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

உன் கடைசிப் பருவத்தில் ஒரு மாலை, தலையோடு தலை மோதி விழுந்தாய். ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து சொற்கள் வாசித்தேன். மூன்று சொன்னாய். நான் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் ஏதோ சொல்லித் தருவேன் என்பதுபோல. பிறகு, "விடு மச்சான்" என்றாய். தாளில் மூன்று இருந்தது. விட்டேன்.

சில வருடங்களில் உனக்கு ஊர்ப்பெயர்கள் தடுமாறத் தொடங்கின. அடிபட்ட தலையோடு உன்னைத் திரும்ப ஆடவிட்டது யாரென்று லீக் நிர்வாகம் விசாரணை வைத்தது. கோட் போட்டு வந்து உட்கார்ந்து நீ சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒண்டும் தெரியாது. சோதிச்ச ஆள் சரி எண்டார். நான் போனன்." சோதித்த ஆள் நான், மூன்றாவது வரிசையில் இருந்தேன். என் முறை வந்தபோது, உன் தந்திரத்தைச் சொல்லாமல் என் பிழையை மட்டும் சொன்னேன். கிளப்பில் வேலை போனது. தொழிலிலிருந்து இரண்டு வருடம் விலக்கினார்கள். சிட்னியில் தெரிந்த முகங்களைத் தவிர்க்க மெல்போர்னுக்கு வந்தேன். விசாரணை முடிந்த அன்று நடைபாதையில் என்னைக் கடந்தபோது, கதவு திறந்துவிடும் ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

பொய் சொன்னாயா, மறந்துவிட்டாயா? பொய் என்றால் நீ எனக்குத் துரோகி. மறதி என்றால், அந்த மறதியில் என் கையும் இருக்கிறது. இத்தனை வருடமும் உன்னைப் பொய்யனாகவே வைத்துக்கொண்டேன். அதுதான் எனக்கு வசதி.

உன் மகன்களுக்காக, உன்னை அறிந்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பும்படி உன் மனைவி கேட்டிருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "செத்த ஆளோட என்ன கோவம்? எழுதிறதெண்டால் பேரைப் போட்டு எழுதுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

"பேர் போடுறேல்ல" என்றேன்.

"ஏன், பயமோ?"

பயமில்லை. நீ என்றைக்காவது வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தால், பெயர் போடாவிட்டாலும் உன் மனைவி என்னைக் கூப்பிடுவாள். என் தொலைபேசி எண்ணை நான் இன்னும் மாற்றவில்லை. சொல்லவில்லையென்றால் என் பெயரை வைத்து அவள் என்ன செய்வாள்?

இந்த இல்லத்தில் மாதம் ஒருமுறை கிழவர்களுக்கு ஐந்து சொற்கள் வாசிக்கிறேன். மூன்று சொல்லிவிட்டு அவர்கள் நிறுத்தும்போது, இன்றும் என்னை அறியாமல் குனிந்து காதைக் கொடுக்கிறேன்.

இதை ஆங்கிலத்தில் பெயர்த்தாயிற்று. உறையில் உன் வீட்டு முகவரியை எழுதியாயிற்று. நாளை வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடுவேன். பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு சொற்கள் மட்டும்:

மணி, மேகம்.