ஜெனிக்குக் கம்பி கழற்றியாச்சு, ரீத்தா

என் ரீத்தா புள்ளைக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜெனியின் பல்லில் இருந்த கம்பியைக் கழற்றிவிட்டார்கள். நீ மேலே இருந்து பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டாமா? வீட்டுச் சேதியைப் பக்கத்து வீட்டு வழியாகக் கேட்டால் உனக்கு ஆகாதே.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். கொடிகளுக்குக் கவாத்து வெட்டி முடிந்து பந்தல் முழுக்கத் துளிர் விட்டிருக்கிறது. திராட்சை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே, போன இடத்திலாவது நிம்மதியாக இரு.

ஜெனி எட்டாவது படிக்கும்போது நீ அவளைத் தேனிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? அவளுக்கு அச்சு அசல் உன் பல். முன்பல் இரண்டும் வெளியே எட்டிப் பார்க்கும், வலப்பக்கம் ஒரு தெத்துப்பல். உனக்குச் சிரிப்பு வந்தால் கை முதலில் வாய்க்குப் போகும், சிரிப்பு அதற்குப் பின்னால்தான் வரும். நம் கல்யாண ஆல்பத்தில்கூட ஒரு படத்திலும் உன் பல் தெரியாது.

எனக்கு அந்தத் தெத்துப்பல்தான் பிடிக்கும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ நம்பினால்தானே? "பொய் சொல்லாதீக மாமா. புள்ளைக்கும் இதே பல்லக் குடுத்துட்டேனேன்னு நான் வெந்துக்கிட்டு இருக்கேன். அவளாச்சும் வாயப் பொத்தாமச் சிரிக்கட்டும்" என்பாய். அந்த ஒரு ஆசைக்காகத்தான் தேனி பஸ்ஸில் ஏறினாய்.

அன்றைக்குத் திரும்பி வந்து நீ சொன்ன கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாதம் ஒரு தடவை வந்து கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், நீ சட்டென்று, "அப்ப முதல்வெள்ளிக்கு முதல்வெள்ளி வந்துர்றோம். ஒம்பது முதல்வெள்ளி பத்தாதாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். இருதய ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு ஒன்பது மாதம் விடாமல் முதல் வெள்ளிப் பூசை கண்டால் நினைத்தது நடக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. பாவம், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"பல்லு எலும்புக்குள்ள நகரணும்மா, அவசரப்படுத்துனா வேரு தாங்காது. ஒன்றரை வருசம், ரெண்டு வருசம் ஆகும்" என்று அவர் பொறுமையாகச் சொல்ல, நீ விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு ஒம்பது" என்றாயாம்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் பூசை, அப்புறம் உத்தமபாளையம் போய்த் தேனி பஸ். கம்பி முறுக்கிய அன்றைக்கு அவளால் எதையும் கடிக்க முடியாது. அவளுக்குக் குழைய வடித்த ரசஞ்சோற்றையே நீயும் சாப்பிடுவாய். எனக்கும் அதுதான் விழும். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

முதல் ஒன்பது முடிந்தது. இரண்டாவது ஒன்பதில் பாதிகூட வரவில்லை, காய்ச்சல் என்று படுத்தாய். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு முதல் வெள்ளி வந்தது, போனது. நானும் கோவிலுக்குப் போகவில்லை, ஜெனியும் தேனிக்குப் போகவில்லை. நடுவில் ஒரு வெள்ளி விட்டுப்போனால் ஒன்பதையும் முதலிலிருந்து வைக்க வேண்டும் அல்லவா? பல் வைத்தியமும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் மறுபடி தொடங்க என்னிடம் தெம்பு இல்லை, புள்ள. கம்பி ஒன்று விட்டுப்போய்ப் பிள்ளையின் கன்னத்தைக் கிழித்த பிறகுதான் பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா உன்னைத்தான் முதலில் தேடினார். விஷயத்தைச் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இனி முதல்லருந்தாம்மா?" என்று கேட்டேன்.

"அது ஒங்க முதல்வெள்ளிக்குத்தாண்ணே. பல்லுக்கு அப்படியில்ல, விட்ட எடத்துலருந்து புடிச்சுக்கலாம். நாள்தான் கூடும். இனிமே விட்டுறாதீக" என்றார். உன் கணக்கை அவரும் கற்றுக்கொண்டிருந்தார், பார்.

மறுபடி மாதாமாதம் போனோம். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் மாட்ட ஒரு பொட்டலம் ரப்பர் கொடுத்தார்கள். சாப்பிடும் நேரம் தவிர எப்போதும் வாயில் இருக்க வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும். இரண்டு தடவை போய்ப் பார்த்தும் பல் அசையவே இல்லை. "ரப்பர் போடுறதே இல்ல போலயே" என்றார் டாக்டரம்மா. ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். என் கோபம் உனக்குத் தெரியாததா? "ஒங்கம்மா இதுக்காடி ஒன்னைய இங்கன கூட்டியாந்துச்சு?" என்று அங்கேயே கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "போட்டோ எதுலயும் அம்மா பல்லு தெரியலப்பா. கண்ணாடி பாத்தா என் வாயிலதான் இன்னும் கொஞ்சம் தெரியுது. அதையும் நேராக்கிட்டா, அப்புறம் நான் எங்கன போயி பாக்க?"

ரீத்தா, நானும் அவள் சிரிக்கும்போதெல்லாம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? அந்தக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, அதற்குள்ளிருந்த வெள்ளைப் பல் அச்சை ஜெனியின் உள்ளங்கையில் வைத்தார். முதல் நாள் மாவு பிசைந்து வாயில் வைத்து அச்செடுத்தார்களே, உனக்குக்கூட ஞாபகம் இருக்கும், வாந்தி வருகிறது என்று அவள் ஆர்ப்பாட்டம் பண்ணினாளே, அதில் வார்த்தது. எட்டிப் பார்க்கிற முன்பல் இரண்டும், வலப்பக்கத் தெத்துப்பல்லும் அப்படியே இருந்தன. ஜெனி அந்தத் தெத்துப்பல்லை விரலால் தடவினாள். நான் நாலு பேர் முன்னால் தேம்பி அழுதேன்.

"இது எங்கயும் போகாது ஜெனி, முடிஞ்சதும் ஒனக்கே தந்துர்றேன். ஆனா பாதியில நிறுத்துனா, எடம் பண்ணன்னு புடுங்குன பல்லோட சந்து அப்படியே நின்னுரும், ஒழுங்கா மெல்லக்கூட முடியாது. அம்மா பல்லும் இருக்காது, ஒன் பல்லும் இருக்காது" என்றார் டாக்டரம்மா.

அன்று வீட்டுக்கு வரும்போதே பஸ்ஸில் ரப்பரை மாட்டிக்கொண்டாள். நீ சொன்ன ரெண்டு ஒன்பது, கடைசியில் மூன்று ஒன்பது ஆயிற்று. உன் ஆண்டவர் கணக்கில் கெட்டிக்காரர், ஒன்பதை விட்டு இறங்கவில்லை.

கம்பி கழற்றியதும் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். ஜெனி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலை பார்க்கிற பெண், "இனி கொய்யாக்காயக் கடி, ஒங்கப்பாவக்கூடக் கடி" என்றதும் சிரித்துவிட்டாள். கை பாதி தூரம் வாய்க்குப் போனது. பிறகு தானாகவே மடியில் இறங்கிவிட்டது. நீ ஆசைப்பட்ட சிரிப்பைப் பார்த்துவிட்டேன், புள்ள. உன் பல் இல்லைதான். ஆனால் கண் சுருங்குகிறது பார், அது உன்னுடையதேதான்.

இனி மாதாமாதம் போக வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும். ஆனால் நேரான பல்லைப் பிடித்து வைக்க, கழற்றி மாட்டுகிற கிளிப் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், படுக்கும்போது தினமும் அதை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுமாம்.

திரும்பி வரும்போது அந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, ஒரு நா மட்டும் கிளிப் போடாமப் படுத்துக்கவா?"

"எதுக்குடா?"

"போடலைன்னா பழைய எடத்துக்கு வந்துரும்னாகல்ல? கொஞ்சூண்டு வரட்டுமே."

"வேணாம்டா, ஒங்கம்மா வையும்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பல் அச்சை இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் "என்னப்பா இது?" என்று கேட்டார். "ரீத்தாங்க சாமி" என்றேன். அவர் அதன்மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

கல்லறைத் திருநாளுக்கு அவளைக் கூட்டிவருகிறேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துக்கொள். தினமும் அவள் படுக்கப் போகும்போது, "கிளிப் மாட்டிட்டியா?" என்று நீ கேட்கிற அதே அதட்டலோடு கேட்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேனிக்கும் நானே கூட்டிப்போவேன், ஒன்றையும் விட்டுவிட மாட்டேன். இது சத்தியம்.

ஆனால் என்றைக்காவது ஒரு நாள் அவள் கிளிப்பை மறந்து தூங்கிவிட்டால், அன்றைக்கு மட்டும் எழுப்ப மாட்டேன். அதற்கு நீ என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உன் மாமாவும் ஜெனியின் அப்பனுமாகிய
ஆரோக்கியம்